சொல்லாமல் விட்ட வாரங்கள்

தோல் நோய்ப் பிரிவில் ஓர் இடம் காலியாகிறது என்ற செய்தி வந்தபோது நான் நெஞ்சு நோய்ப் பிரிவில் ஆறு வருடங்களை முடித்திருந்தேன். கிழக்கு லண்டனில் ஒரு பெரிய மருத்துவமனை. நுரையீரல் புற்றுநோயாளர்கள் வரும் கிளினிக்கிலும் அவர்கள் தங்கும் வார்டிலும் எனக்கு வேலை. பதவியின் பெயர் பிசிஷியன் அசிஸ்டன்ட். மருத்துவரும் இல்லை, தாதியும் இல்லை. நோயாளி சொல்வதைக் கேட்டு எழுதுவேன், பரிசோதிப்பேன், நெஞ்சில் தேங்கிய நீரை ஊசி ஏற்றி இறக்குவேன். மருந்துச் சீட்டு எழுத மட்டும் எனக்கு உரிமை கிடையாது. எனக்கு மேலே கன்சல்டன்ட் என்ற மூத்த மருத்துவர் இருப்பார், கடைசிச் சொல் அவருடையது. என் அம்மா இல்ஃபோர்ட் கோயிலில் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது, "டொக்டருக்குப் பக்கத்திலை நிண்டு வேலை செய்யிறவ" என்பார். அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

எங்கள் வேலையில் ஒரு வசதி உண்டு. ஒரு மருத்துவர் நெஞ்சை விட்டுத் தோலுக்குப் போக நினைத்தால் திரும்பவும் பல வருடப் பயிற்சி. எங்களுக்கு அப்படியில்லை. நாங்கள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்தவர்கள். விண்ணப்பித்துத் தேர்வானால் ஒரு திங்கட்கிழமை காலையில் வேறு மாடிக்குப் போய் வேலையைத் தொடங்கலாம். அவ்வளவு சுலபமாக இருப்பதாலேயே அந்த முடிவை நான் வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

போக வேண்டும் என்ற எண்ணம் எப்போது வந்தது என்று சரியாகத் தெரியவில்லை. எலிசபெத் லைன் ரயிலில் ஏறி உட்கார்ந்தால் பெட்டியில் யாராவது இருமுவார்கள். நான் கையிலிருக்கும் போனை மறந்துவிட்டு அந்த இருமலையே கேட்டுக்கொண்டிருப்பேன். வறட்டு இருமலா, சளி வருகிறதா, ஆள் மெலிந்திருக்கிறாரா, சட்டைக் கழுத்து தொளதொளவென்று கிடக்கிறதா. ஒருநாள் வீட்டில் என் கணவர் சாதாரணச் சளித் தடிமனில் இருமியபோது கரண்டியைக் கையில் பிடித்தபடி அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"நீர் அங்கையிருந்து வெளிக்கிட வேணும்," என்றார். "உம்மடை முகமே மாறிக்கொண்டு வருது."

"அங்கை தமிழ் கதைக்கிற ஆள் நான் ஒராள்தான்."

"நீர் அங்கை சேர முந்தியும் தமிழாக்கள் வந்தவைதானே?"

அன்றிரவு தோல் பிரிவுக்கான விண்ணப்பத்தைக் கணினியில் திறந்து பாதி நிரப்பி வைத்தேன். 'ஏன் இந்தப் பிரிவுக்கு மாற விரும்புகிறீர்கள்' என்ற கட்டத்தில் நின்றுவிட்டேன்.

அந்த நாட்களில்தான் ஒரு தமிழ் நோயாளி எங்கள் கிளினிக்குக்கு வந்தார். ஈஸ்ட் ஹாமில் இருப்பவர், வயது அறுபத்தெட்டு. முப்பது வருடங்களாகத் தமிழிலேயே கார் ஓட்டப் பழக்கியவர், ஆங்கிலம் வீதிக்குத் தேவையான சில சொற்களோடு சரி. எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் தன்னிடம்தான் லைசன்ஸ் எடுத்தார்கள் என்று முதல் நாளே சொன்னார். நான் தள்ளுவண்டியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தால், "பிள்ளை, கண்ணாடி பாத்தனீங்களோ?" என்று கேட்பார். கீமோ மருந்தில் தலைமயிர் முழுதும் போய்விட்டிருந்தது. மனைவி பின்னிக் கொடுத்த நீலக் கம்பளித் தொப்பியை இழுத்து இழுத்துப் போடுவார். அந்த அம்மா எப்போதும் அவருக்கு ஓரடி பின்னால் வருவார், கையில் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தலோடு. பிள்ளைகள் இல்லை. நான் அவர்களை அங்கிள், அன்ரி என்றுதான் கூப்பிட்டேன். வேலையிடத்தில் அப்படிக் கூப்பிடக் கூடாதுதான். அந்த வயதுத் தமிழர் ஒருவரை வேறெப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவருக்கு வலது நெஞ்சில் நீர் கட்டிக்கொண்டே இருந்தது. மூன்று தடவை நான் இறக்கினேன். அதற்கு நோயாளி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முன்னால் ஒரு மேசையில் தலையணை வைத்து, அதில் கவிழ்ந்திருக்க வேண்டும். நான் முதுகுப் பக்கம் இருப்பேன். நீர் மெதுவாகப் போத்தலில் இறங்க முக்கால் மணித்தியாலம் ஆகும். முகம் பார்க்காமல் இருப்பதாலோ என்னவோ, அந்த நேரத்தில் ஆட்கள் மனம் விட்டுப் பேசுவார்கள். இரண்டாம் தடவை அவர் தலையணைக்குள்ளிருந்தே சொன்னார்.

"எனக்கொரு தம்பி இருக்கிறான், பிள்ளை. வால்தம்ஸ்டோவிலை."

"உங்களைப் பாக்க வாறவரோ?"

"கதைக்கிறேல்லை. பதினொரு வருசமாகுது."

"என்ன நடந்தது, அங்கிள்?"

"அவன்ரை மகளின்ரை கலியாணக் கார்டைத் தபாலிலை போட்டு விட்டவன்."

நான் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் மூத்தவன். வீட்டை வந்து கையிலை தாறதெல்லோ முறை? ஈஸ்ட் ஹாமுக்கும் வால்தம்ஸ்டோவுக்கும் நடுவிலை என்ன கடலே கிடக்குது? நான் கலியாணத்துக்குப் போகேல்லை. ஏன் வரேல்லையெண்டு ஒரு வார்த்தை கேப்பான் எண்டு பாத்தன். அவனும் கேக்கேல்லை."

"இப்ப நீங்கள் ஒருக்கா எடுத்துக் கதைக்கலாமே?"

"கதைக்கத்தான் போறன். நேரை போவன். இந்த ஊசியெல்லாம் முடியட்டும். மயிர் கொஞ்சம் முளைக்கட்டும். இந்தக் கோலத்திலை போய் நிண்டா, சாகப் போறன் எண்டபடியாத்தான் வந்து நிக்கிறன் எண்டு நினைப்பான். ஆளாய் நிமிர்ந்து போக வேணும்."

அதைச் சொல்லிவிட்டு இருமினார். நான் குழாயை மூடி, கொஞ்சம் இளைப்பாறவிட்டு, மறுபடி திறந்தேன்.

ஆறு வாரங்களுக்குப் பிறகு ஸ்கான் முடிவு வந்தது. காலைக் கூட்டத்தில் எல்லோரும் திரையில் பார்த்தோம். ஈரலிலும் பரவியிருந்தது. கன்சல்டன்ட் என் பக்கம் திரும்பி, "உன் அங்கிள்," என்றார் மெல்ல. அவர் ஆங்கிலேயப் பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னோடு பேசிப் பேசி அந்தச் சொல்லைப் பழகியிருந்தார்.

அன்று பிற்பகல் கிளினிக்குக்கு வெளியே, நடைபாதையில், அந்த அம்மா என் கையைப் பிடித்தார். கணவர் கழிப்பறைக்குப் போயிருந்த நேரம்.

"பிள்ளை, எதெண்டாலும் அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. என்னட்டைச் சொல்லுங்கோ, நான் தாங்குவன். அவர் மனம் விட்டாரெண்டா ஒரு கிழமையும் இருக்கமாட்டார்."

"அன்ரி, அப்பிடிச் செய்ய ஏலாது. அவர் கேட்டா நாங்கள் உண்மையைத்தான் சொல்ல வேணும்."

"உங்கடை அப்பாவெண்டா சொல்லுவியளோ?"

என் அப்பாவுக்கும் புற்றுநோய்தான், அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. நான் இந்தப் படிப்புக்கு வருவதற்கு முந்திய கதை அது. வயிற்றுப் புண் என்று சொல்லியே கடைசிவரை கொண்டுபோனோம். அந்த அம்மாவுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. சும்மா கேட்ட கேள்விதான். என் கையை அவர் விடுவதற்குள் அவர் கணவர் திரும்பி வந்துவிட்டார்.

இப்படியான செய்தியைச் சொல்லும்போது வெளியிலிருந்து வரும் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அன்றைக்குத் தொலைபேசியில் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். இரண்டு தடவை இணைப்பு அறுந்தது. மூன்றாம் தடவை அந்தப் பக்கம் வெறும் இரைச்சல். வெளியே இன்னும் ஒன்பது நோயாளிகள் காத்திருந்தார்கள். கன்சல்டன்ட் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உன்னால் முடியுமா?" என்று கேட்டார். முன்பும் பல தடவை செய்திருக்கிறேன். முடியும் என்றேன்.

கன்சல்டன்ட் நாற்காலியை முன்னுக்கு இழுத்து, அங்கிளின் முகத்தைப் பார்த்துப் பேசினார். ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு நிறுத்தி எனக்கு இடம் விட்டார். சிகிச்சை பலன் தரவில்லை. தொடர்ந்தால் உடல்தான் களைக்கும், நோய் நிற்காது. மாதக்கணக்கில் நேரம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, வாரங்கள்தான் இருக்கும். பார்க்க வேண்டியவர்கள், பேச வேண்டியவர்கள் யாராவது இருந்தால் அதற்கு இதுதான் நேரம்.

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சுடுதண்ணீர்ப் போத்தல் மடியில் இருந்தது.

"அங்கிள்," என்றேன். "ஊசி மருந்து நினைச்ச அளவுக்கு வேலை செய்யேல்லையாம். உங்கடை உடம்பு நல்லாக் களைச்சுப் போச்சு. அதாலை இப்போதைக்கு நிப்பாட்டிப்போட்டு உடம்பைத் தேத்துவமாம். பிறகு பாப்பம்."

"அப்ப ஊசிக்கு லீவு?"

"ஓம்."

சிரித்தார். முழுப் பல்லும் தெரிய. "எவ்வளவு காலத்துக்கு?" என்று கேட்டார்.

அவர் என்ன கேட்கிறார் என்று கன்சல்டன்ட் என்னிடம் கேட்டார். எவ்வளவு காலம் என்று கேட்கிறார் என்றேன். அது உண்மைதான். கன்சல்டன்ட் இன்னும் கொஞ்சம் குனிந்து, அவர் கையைத் தொட்டு, "வாரங்கள். மன்னியுங்கள், இன்னும் குறைவாகவும் இருக்கலாம்," என்றார்.

எங்கள் பேச்சில் வாரத்தைக் கிழமை என்போம். "கிழமைக் கணக்குத்தான், அங்கிள்" என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே சொல். உண்மையைச் சொல்ல இரண்டாம் முறையாக எனக்குச் சந்தர்ப்பம் கிடைத்திருந்தது.

"அது உடம்பைப் பொறுத்ததாம்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஆங்கிலத்தில், "தாங்க் யூ, டொக்டர்" என்று சொல்லி எழுந்தார். புரிந்துகொண்டாரா என்று கன்சல்டன்ட் கேட்டார். புரிந்துகொண்டார் என்றேன். பிறகு என் மேசைக்குப் போய், நோயின் நிலை நோயாளிக்கு விளக்கப்பட்டது என்று கணினியில் பதிந்தேன். அந்த வசனத்துக்குக் கீழே என் பெயர் தானாகவே வந்து விழும்.

கதவுக்கு வெளியே அவர் எனக்குக் கை காட்டினார். "சம்மருக்கிடையிலை ஆளாயிருவன், பிள்ளை."

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குத் தாதிமார் வந்து போனார்கள். கடைசி நாட்களில் நோயாளி வீட்டிலேயே அமைதியாக இருக்க உதவுகிறவர்கள். அவர்களுக்கும் அவருக்கும் நடுவில் அந்த அம்மாதான் பேசினார். உடம்பு தேற்ற வருகிற நேர்ஸ் என்று கணவருக்குச் சொல்லியிருந்தாராம். எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியும். அந்த நாட்களில் நான் ஒரு தடவை போனைக் கையில் எடுத்தேன். எடுத்து என்ன சொல்வது? அன்றைக்குச் சொன்னது பிழை, இன்றைக்குச் சொல்வதுதான் சரி என்றா? வேறொரு நோயாளி வந்தார், போனை வைத்துவிட்டேன். அப்படிச் சாதாரணமாகத்தான் அது நடந்தது.

பதினாறாம் நாள், ஒரு வியாழக்கிழமை முற்பகலில் அவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். நான் வார்டுக்குப் போனபோது ஆக்சிஜன் முகமூடிக்குள் கண் மூடிக் கிடந்தார். கூப்பிட்டால் புருவம் மட்டும் அசைந்தது. அந்த அம்மா என்னிடம், "தம்பியாருக்குப் போன் அடிச்சுப் போட்டன்," என்றார். "இவர் சொல்லேல்லை. நான்தான் அடிச்சனான்."

தம்பியார் வேலையிடத்திலிருந்து நேரே வந்தார். பொதி ஏற்றி இறக்கும் இடத்தில் போடும் மஞ்சள் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. அண்ணனின் முகம்தான், மீசையில் கொஞ்சம் கறுப்பு மிச்சம். கட்டிலுக்குக் கிட்டப் போய் நின்று, "அண்ணை," என்றார். "அண்ணை, நான் வந்திருக்கிறன்." பிறகு குரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னார். மறு கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நான் திரையை இழுத்து மூடினேன். அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. நாலு மணி தாண்டிச் சில நிமிடங்களில் அங்கிளின் மூச்சு நின்றது.

அரை மணித்தியாலம் கழித்து நடைபாதையில் தம்பியார் என்னிடம் வந்தார்.

"நீங்கள்தானே அண்ணையோடை தமிழிலை கதைக்கிற பிள்ளை?"

"ஓம்."

"அண்ணைக்குத் தெரியுமோ? இப்பிடி முடியப்போகுதெண்டு?"

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அது அவரைக் கொன்றிருக்கும். தெரிந்தும் அண்ணன் கூப்பிடவில்லை என்று ஆகிவிடும். தெரியாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியாது," என்றேன். "டொக்டர் சொன்னவ. நான்தான் அவருக்குச் சரியாச் சொல்லேல்லை."

அவர் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கீழே இழுத்தார், மேலே ஏற்றினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணைக்கு நெஞ்சிலை வருத்தமெண்டு கேள்விப்பட்டனான்," என்றார். "பிறகு ஊசியெல்லாம் நிப்பாட்டியாச்சு, தேறுறார் எண்டும் கேள்விப்பட்டனான். எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சவராம். போன கிழமை அந்த றோட்டாலை வந்தனான். வீட்டுக்கு முன்னாலை காரை நிப்பாட்டினன். திரைச்சீலை மூடிக் கிடந்தது. நித்திரையாக்கும், தேறட்டும், பிறகு வருவம் எண்டு போட்டுப் போயிட்டன்."

ஜிப்பை மறுபடி கழுத்துவரை ஏற்றினார்.

"தெரிஞ்சிருந்தா அண்ணை கூப்பிட்டிருப்பார். என்ரை அண்ணையை எனக்குத் தெரியும்."

நான் சொன்ன ஒரு வார்த்தை அங்கிளின் வாய் வழியாகவும் ஊர் வாய் வழியாகவும் வால்தம்ஸ்டோ வரை போய், அங்கே இன்னொரு மனிதரையும் காத்திருக்க வைத்திருந்தது. அதை நான் நினைத்தும் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் காலை கன்சல்டன்டின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நடைபாதையில் பிடித்த கை, நான் சொன்ன தமிழ், சொல்லாத தமிழ், கணினியில் பதிந்த வசனம். அவர் அந்தப் பதிவைத் திரையில் திறந்து படித்தார். பிறகு, "அவர் சிரித்தார்," என்றார். "அந்தச் செய்தியைக் கேட்டு ஒருவர் அப்படிச் சிரிக்கமாட்டார். நான் பார்த்தேன். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும்."

அவர் பதிவைத் திருத்தினார். நான் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். ஒரு கூட்டம் நடந்தது. இனி நான் எந்த நோயாளிக்கும் மொழிபெயர்க்கக் கூடாது என்று முடிவானது, அது நியாயம். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் இப்படியான பேச்சைத் தொடங்குவதே இல்லை என்று கிளினிக்குக்கு விதி போட்டார்கள். கன்சல்டன்ட் தானே அந்த அம்மாவைக் கூப்பிட்டு, நேரே வந்த ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து, மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா சொன்னாராம், பிள்ளையில் பிழையில்லை, நான்தான் கேட்டேன் என்று.

தோல் பிரிவு விண்ணப்பத்துக்கு ஏற்கனவே நீட்டியிருந்த கடைசி நாள் அந்த வாரத்திலேயே வந்து போனது. நான் அனுப்பவில்லை. முன்பு போயிருந்தால் களைத்துப்போய்ப் போனதாக இருந்திருக்கும். இப்போது போனால் ஓடிப்போனதாக இருக்கும். இருந்து திருத்திக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். கன்சல்டன்டும் அதைத்தான் விரும்பினார். "ஒரு தடவை இதைச் செய்தவள் இனிமேல் செய்யமாட்டாள்," என்றார்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அந்த அம்மா என்னைக் கூப்பிட்டிருந்தார். போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். இரண்டாம் முறையும் போன் எடுத்தார். என் கணவர், "வாரும், நான் கொண்டுபோய் விடுறன்," என்றார். ஈஸ்ட் ஹாமில் ஒரு மண்டபம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாசலில் அவருடைய நினைவாக அச்சடித்த சிறிய புத்தகத்தை எல்லோருக்கும் கொடுத்தார்கள். அட்டையில் தலை நிறைய மயிரோடு, பழைய காரின் பக்கத்தில் நிற்கிற படம். உடன்பிறந்தோர் என்ற இடத்தில் தம்பியாரின் பெயர் இருந்தது. அவர் பந்தியில் சோறு பரிமாறிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் தலையசைத்தார். என் இலைக்குக் கிட்ட வந்தபோது, "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

சாப்பிட்டு எழுந்ததும் அந்த அம்மா என்னைத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். வெள்ளைச் சேலை. சுற்றிலும் ஐந்தாறு பெண்கள்.

"இந்தப் பிள்ளைதான்," என்றார் அவர்களிடம். "இந்தப் பிள்ளையாலைதான் அவர் கடைசி மட்டும் சிரிச்சுக்கொண்டு இருந்தவர். ஒரு நாள் எண்டாலும் பயந்து படுக்கேல்லை."

என்னால் அந்த இடத்திலிருந்து எழும்ப முடியவில்லை. அவர் என் முதுகைத் தடவினார். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குனிந்து என் காதுக்குக் கிட்டப் பேசினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

"தங்கச்சி, எங்கடை அவருக்கும் நெஞ்சிலைதான். வாற மாதம் உங்கடை ஹொஸ்பிட்டலிலைதான் காட்டப் போறம். நீங்கள் அங்கை இருக்கிறியள் எண்டா எனக்குப் பயமில்லை. நீங்கள் பாத்துச் சொல்லுவியள்தானே."

பாத்துச் சொல்லுவியள். நோயாளிக்கு மறைத்துச் சொல்வீர்கள்தானே என்று அதற்கு அர்த்தம், அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் சமாதானமாகத் தலையாட்டிக்கொண்டு போனார். ஆகவே ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

திரும்பும்போதும் என் கணவர்தான் காரை ஓட்டினார். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் வாகனங்கள் நகராமல் நின்றன. நகைக்கடை வாசலில் ஒரு குடும்பம் பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"நான் அங்கை இருந்தா திரும்பவும் செய்வன்," என்றேன்.

"இனி உம்மை மொழிபெயர்க்க விடமாட்டினமே?"

"விடமாட்டினம். ஆனா கொரிடோரிலை வந்து கையைப் பிடிப்பினம். டொக்டர் சொன்னது மெய்யோ எண்டு கேப்பினம். நான் அவையின்ரை கண்ணைப் பாத்து, பயப்பிடாதேங்கோ எண்டு சொல்லுவன். எனக்கு என்னைத் தெரியும்."

"எல்லாரும்தானே அப்பிடிச் சொல்லுவினம்."

"நான் சொன்னா அவை நம்புவினம். அதுதான்."

முன்னாலிருந்த பஸ் நகர்ந்ததும் கியரை மாற்றினார்.

முதல் முறை பொருத்தமான ஆள் கிடைக்காததால் தோல் பிரிவு மறுபடி விளம்பரம் செய்தது. இந்தத் தடவை அந்தக் கட்டத்தை நிரப்பினேன். கிளினிக் வேலையில் நீண்டகால ஆர்வம் என்று ஏதோ எழுதினேன். அதில் உண்மை கொஞ்சம்தான். நற்சான்று தர வேண்டியவர் என் கன்சல்டன்ட். அவர் நல்லபடி எழுதித் தந்தார். ஆனால் மனம் ஒப்பவில்லை. "தமிழ் நோயாளிகளுக்கு நீ இங்கே இருப்பது ஒரு ஆறுதல்," என்றார். அதனால்தான் போகிறேன் என்று சொல்ல நினைத்தேன். ஆங்கிலத்தில் அதைச் சொன்னால் வேறு மாதிரிக் கேட்கும் போலிருந்தது. "எனக்குக் களைப்பாக இருக்கிறது" என்றேன். அதை அவர் ஏற்றுக்கொண்டார்.

கடைசி நாள் கேக் வெட்டினார்கள். மண்டபத்தில் என்னிடம் பேசிய பெண்ணின் கணவருக்கு அடுத்த வாரம்தான் முதல் கிளினிக். பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்தேன். மொழிபெயர்ப்பாளர் நேரே வர வேண்டும் என்று குறித்துவிட்டு, ஏற்பாடு செய்பவருக்குப் போன் போட்டு இரண்டு தடவை உறுதிப்படுத்தினேன். அந்தப் பெண் அன்றைக்கு வந்து நடைபாதையில் என்னைத் தேடியிருப்பார். அதை இப்போதும் நினைப்பேன்.

தோல் பிரிவுக்கு வந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. அடிப்படையிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு மச்சத்தை எத்தனை விதமாகப் பார்க்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. இங்கேயும் கெட்ட செய்தி உண்டு, குறைவு. பெரும்பாலும் சொறி, படை, வயதான தோலில் தடித்த புள்ளிகள். மாலையில் நேரத்துக்கு வீடு போகிறேன். என் கணவர் இருமினால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. அம்மாவுக்கு மட்டும் இது பதவி இறக்கம் போலப் படுகிறது.

போன மாதம் மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் பழைய கன்சல்டன்டைக் கண்டேன். சூப் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்று பேசினோம். தமிழருக்கென்று இப்போது ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒழுங்காக வருகிறாராம், ஓய்வுபெற்ற ஆசிரியை. சொல்வதை அப்படியே சொல்கிறார், ஒன்றையும் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை என்றார். மண்டபத்தில் பேசிய அந்தப் பெண்ணின் கணவரைப் பற்றிக் கேட்க நினைத்தேன். நான் இப்போது அந்தப் பிரிவில் இல்லை, கேட்க எனக்கு உரிமையில்லை. கேட்கவில்லை.

"குடும்பத்தவர்கள் சில நேரம் அந்த மொழிபெயர்ப்பாளரோடு சண்டை பிடிக்கிறார்கள்," என்றார் கன்சல்டன்ட். "ஒருவர் அறையை விட்டே எழும்பிப் போய்விட்டார்."

"நோயாளி?"

"நோயாளி அழுதார். பிறகு ஒரு பேப்பர் கேட்டார், யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுத."

வரிசை நகர்ந்தது. அவர் விடைபெற்றுப் போனார். நான் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். பிற்பகலில் பதினான்கு பேர் இருந்தார்கள். முதல் ஆள் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், முழங்கையில் புதிதாக ஒரு கறுப்புப் புள்ளி என்று பயந்து வந்தவர். உருப்பெருக்கியை வைத்து நிதானமாகப் பார்த்தேன். தோல் மருத்துவரும் வந்து பார்த்தார். ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொன்னேன். உண்மையாகவா என்று கேட்டார். உண்மையாக என்றேன். அவர் சட்டைக் கையை இறக்கி, பொத்தானைப் பூட்டி, நன்றி சொல்லிப் போன பிறகும் அடுத்தவரைக் கூப்பிட எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.